கால் ஊன்றினால் ஒரு புள்ளி: ட்ரையல்ஸ் பைக்கும் அதன் பாகங்களும்

இன்னைக்கு எபிசோடு பைக் பத்தி. ஆனா இதுல வேகம் கிடையாது. மனுஷன் நடக்கிற வேகத்துல, சில நேரம் அதைவிட மெதுவா, ஓடைக்குள்ள கிடக்கிற வழுக்குப் பாறைங்க மேல பைக் ஏத்துற ஒரு விளையாட்டு. பேரு ட்ரையல்ஸ். ட்ரெயில் இல்லங்க, ட்ரையல். சோதனைன்னு அர்த்தம். யாருக்கான சோதனை, ஓட்டுறவனுக்கா வண்டிக்கான்னு கேட்டா, அந்தக் கேள்விதான் இந்த எபிசோடு.

முதல்ல விதியைச் சொல்லிடறேன், ரொம்ப எளிமை. மலைப்பாதையில கொஞ்ச தூரத்தை ரெண்டு பக்கமும் குறி வெச்சு அடைச்சிருப்பாங்க. அதுக்குப் பேரு செக்‌ஷன். ஒவ்வொரு செக்‌ஷன்லயும் ஒரு பார்வையாளர் கையில அட்டையோட நிப்பார். காலைத் தரையில வைக்காம கடந்துட்டா பூஜ்ஜியம். ஒரு தடவை ஊன்றினா 1. நிறைய தடவை ஊன்றினா 3. வண்டி நின்னாலோ விழுந்தாலோ குறியைத் தாண்டிப் போனாலோ 5. கடைசியில யாருக்குப் புள்ளி குறைவோ அவங்க ஜெயிச்சாங்க. நடுவுல கணக்கு கொஞ்சம் மாறி மாறி வந்திருக்கு, அடிப்படை இதுதான்.

ரேஸ்ல ஒரு பாகம் சுமாரா இருந்தா இன்ஜின் பவர் அதை மூடி மறைச்சிடும். இங்க மறைக்க இடமே இல்ல. ஃபுட்ரெஸ்ட் ரெண்டு இன்ச் முன்னாடி இருந்தா அது ஒரு கால். கிளட்ச் இழுவையா இருந்தா அது ஒரு கால். எந்தப் பாகத்தைப் போடறது, எதைக் கழட்டறது, போட்டதை எப்படிக் காப்பாத்தறது. இந்த மூணு கேள்விக்குக் கிடைச்ச பதில், ஒரு நாட்டோட மோட்டார்சைக்கிள் தொழில் கையில இருந்த விளையாட்டை இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போயிடுச்சு. எப்படின்னு பார்ப்போம்.

ஆரம்பத்துல இது திறமைப் போட்டியே இல்ல. 1909-ல ஸ்காட்லாந்துல எடின்பரோ பக்கத்து மோட்டார் கிளப்காரங்க பல நாள் ஓடுற ஒரு நம்பகத்தன்மை சோதனை வெச்சாங்க. அதுதான் பின்னாடி ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையல் ஆச்சு. இன்னைக்கும் நடக்குது. அந்தக் காலத்துல வண்டி மலை ஏறி, மழையில நனைஞ்சு, உடையாம வந்து சேர்ந்தாலே சாதனை. பெல்ட் நழுவும், தீப்பொறி நின்னுடும். ரிப்பேர் பண்ண நின்னா புள்ளி போகும். இதே மாதிரி 1914-ல இங்கிலாந்தோட யார்க்‌ஷயர்ல ஆல்ஃப்ரட் ஆங்கஸ் ஸ்காட், தன்னோட மோட்டார்சைக்கிள் கம்பெனித் தொழிலாளிங்களுக்கே ஒரு சவால் விட்டார்: ஷிப்லி தொழிற்சாலையில கிளம்பி, மூர் நிலத்து வழியா பர்ன்சால் கிராமம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்கன்னு. அதுதான் ஸ்காட் ட்ரையல். வண்டி செய்யறவனையே அந்த வண்டியில சேத்துக்குள்ள அனுப்பற யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க கோடு எழுதறவங்களுக்கும் யாராவது இப்படி ஒரு சவால் விடலாம்.

அப்புறம் வண்டிங்க நல்லாயிடுச்சு. எல்லாரும் உடையாம வந்து சேர ஆரம்பிச்சாங்க. அப்போ யார் ஜெயிச்சதுன்னு எப்படி முடிவு பண்றது? அதுக்குத்தான் செக்‌ஷன்களைக் கடினமாக்கிக்கிட்டே போனாங்க. ஆனா ஸ்காட்டிஷ் ஆறு நாள்ல பழைய சோதனையோட மிச்சம் ஒண்ணு அப்படியே இருக்கு. ஆரம்பிக்கும் முன்னாடி வண்டியோட முக்கியமான பாகங்கள்ல பெயிண்ட்டால குறி வெச்சுடுவாங்க. எதோட கிளம்பினியோ அதோடயே முடிக்கணும். ராத்திரி வண்டி பூட்டின இடத்துல நிக்கும், இஷ்டத்துக்குத் தொட முடியாது. அதாவது பாகத்தைத் தேர்வு பண்றதும் பராமரிக்கறதும் இங்க ரெண்டு வேலை இல்ல. திங்கட்கிழமை எடை குறையுதேன்னு மெல்லிசா ஒண்ணு போட்டா, சனிக்கிழமை வரைக்கும் அதை உயிரோட வெச்சுக்கற பொறுப்பும் உன்னோடதுதான்.

இப்போ 1948. இந்த இடத்துல கதை நமக்குத் தெரிஞ்ச ஒரு வண்டி பக்கம் வருது.

அப்போ ட்ரையல்ஸ் பைக்குகளுக்குப் பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது. பின்சக்கரம் ஃப்ரேமோட நேரா இறுக்கமா இருக்கும். ஸ்பிரிங் இருக்கறது சீட்டுக்கு அடியில மட்டும். இதை யாரும் குறையா நினைக்கல, சரின்னே நம்பினாங்க. பின்சக்கரம் மேலயும் கீழயும் ஆடினா பிடிமானம் போயிடும், சேத்துல சக்கரம் சும்மா சுத்தும்ங்கறது அனுபவஸ்தர்களோட வாதம். அந்த நேரத்துல ரெடிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டு, தன்னோட புது 350 சிசி புல்லட்டோட முன்மாதிரி வண்டியை எங்க கொண்டு வந்து காட்டினாங்க தெரியுமா? ஷோரூம்ல இல்ல. 1948 கோல்மோர் கப் ட்ரையல்ல, சேத்துக்குள்ள. அதுல பின்னாடி ஸ்விங்-ஆர்ம், அதைத் தாங்க ரெண்டு ஷாக் அப்சார்பர்.

பழைய வாதத்துல தப்பு எங்கன்னா, ஸ்பிரிங் இல்லாத சக்கரம் பாறையில பட்டதும் எகிறும். எகிறின அந்த நொடி அது காத்துல இருக்கு. காத்துல என்ன பிடிமானம்? ஸ்பிரிங் இருந்தா சக்கரம் மட்டும் மேல போயிட்டு உடனே கீழ வந்து தரையைத் தொடும், வண்டியும் ஆளும் பெருசா அசைய மாட்டாங்க. காகிதத்துல போட்டா இது ரெண்டு வரி. ஆனா சேத்துல ஓட்டிக் காட்டாம யாரும் நம்பத் தயாரா இல்ல. அதே வருஷம் இத்தாலியில நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில ஜெயிச்ச பிரிட்டிஷ் டீம்லயும் புல்லட் இருந்துச்சு. ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் எச்.என்.பி. 331 என்ற பதிவு எண் கொண்ட புல்லட்டில் 1952-லும், மறுபடி 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை வென்றார். இதுக்கு நடுவுல மத்த கம்பெனிங்களும் பின் சஸ்பென்ஷனுக்கு வந்துட்டாங்க. வாதத்தை முடிச்சு வெச்சது எத்தனை கால் ஊன்றினாங்கங்கற எண்ணிக்கைதான்.

ஆனா பிடிமானப் பிரச்சினை தீர்ந்ததும் அடுத்தது வெளிய தெரிஞ்சுது. எடை. இங்கதான் சாமி மில்லர் வர்றார்.

மில்லர் பெல்ஃபாஸ்ட்காரர், 1933-ல பிறந்தவர். 1950-களோட நடுவுல ஏரியல் கம்பெனிக்கு வந்து, எச்.டி.5 என்ற 500 சிசி வண்டியைக் கையில எடுத்தார். அதோட இன்ஜினுக்கு அடிப்படை 1930-கள்ல வந்த ரெட் ஹன்ட்டர். பழசு, கனம். கடைக்கு வர்ற எச்.டி.5 ஏறக்குறைய 130 கிலோ. 130 கிலோவை ஒரு ஈரப் பாறை மேல நிறுத்தி, ஹேண்டில்பாரைத் திருப்பி, அடுத்த பாறைக்கு ஏத்தணும், கால் வைக்காம. நம்ம ஆபீஸ் பார்க்கிங்ல நெருக்கமா நிக்கிற புல்லட்டை நகர்த்திப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

மில்லர் செஞ்சது ஒரே ராத்திரி மாயம் இல்ல, வருஷக் கணக்கான கழித்தல் கணக்கு. ஸ்டீல் இருந்த இடத்துல முடிஞ்ச வரைக்கும் அலுமினியம். தகடு இருந்த இடத்துல ஃபைபர்கிளாஸ். ஃப்ரேமுக்கு ரெனால்ட்ஸ் 531 குழாய், சைக்கிள் பிரியர்களுக்குத் தெரிஞ்ச அதே பேரு. ஃபுட்ரெஸ்ட்டை எங்க வைக்கறது, முன் ஃபோர்க் எந்தச் சாய்வுல நிக்கணும், வண்டியோட அடிவயிறு தரையில இருந்து எவ்வளவு உயரம், எல்லாத்தையும் ஓட்டி ஓட்டி மாத்தினார். கடைசியில அந்த வண்டி, ஜி.ஓ.வி. 132, ஏறக்குறைய 110 கிலோவுக்கு வந்துச்சு. இதுக்கு நடுவுல, 1959-ல, ஏரியல் நாலு ஸ்ட்ரோக் வண்டிங்களையே தயாரிக்கறதை நிறுத்திட்டு லீடர் என்ற ரெண்டு ஸ்ட்ரோக் வண்டி பக்கம் போயிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. கம்பெனி கைவிட்ட மாடல். அதை வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் 1959-ல இருந்து வருஷா வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன். ஸ்காட்டிஷ் ஆறு நாளையும் 1962-லும் 1964-லும் அதே ஏரியல்லதான் ஜெயிச்சார்.

எனக்கு இதுல வியப்பு அவர் ஜெயிச்சது இல்ல. அந்த 110 கிலோ ஆறு நாளும் உடையாம நின்னதுதான். எடையை யாரு வேணா குறைக்கலாம், ஒரு டிரில்லிங் மெஷின் போதும். ரெனால்ட்ஸ் 531 குழாய் மெல்லிசு. அதை கண்டபடி வெல்டிங் பண்ணிச் சூடேத்தினா பலம் போயிடும், பிரேசிங் பண்ணித்தான் இணைக்கணும். அலுமினியத்துல மரை ஸ்டீல் மரை மாதிரி தாங்காது, ரெண்டு தடவை முரட்டுத்தனமா முறுக்கினா வழுக்கிடும். ஒவ்வொரு கிலோவைக் குறைக்கும்போதும் ஸ்பானர் பிடிக்கிற கை இன்னும் கவனமா இருக்கணும்.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஸ்காட்டிஷ் ஆறு நாள்ல பைப்லைன்னு ஒரு பேர்போன செக்‌ஷன். கின்லாக்லெவன் ஊர்ல இருந்த அலுமினியம் ஆலையோட மின்சாரத்துக்காக மலையில இருந்து தண்ணி இறங்குற பெரிய குழாய்ங்களை ஒட்டியே அந்த ஏத்தம். ஸ்டீலைக் கழட்டி அலுமினியம் மாட்டிக்கிட்டு வந்தவங்க, அலுமினியம் பண்ற ஆலையோட குழாய் பக்கத்துலயே முக்கி முக்கி ஏறியிருக்காங்க.

சரி, இப்போ ஸ்பெயின். பார்சிலோனாவுல பாகோ புல்டோன்னு ஒருத்தர். மொன்டேசா கம்பெனியைத் தொடங்கின ரெண்டு பேர்ல ஒருத்தர். கம்பெனி ரேஸை விட்டு விலகணும்னு முடிவானப்போ, 1958-ல வெளிய வந்து புல்டாகோவை ஆரம்பிச்சார். 1964-ஓட கடைசியில அவர் மில்லரைக் கூப்பிட்டார். உலகத்துலயே நல்ல ட்ரையல்ஸ் ஓட்டுநர், கையில இருக்கறது கைவிடப்பட்ட மாடல். மில்லர் போனார். புல்டோவோட பண்ணை நிலத்துல ஏறக்குறைய 12 நாள். ஓட்டிப் பார்க்கறது, ஃப்ரேமை மாத்தறது, மறுபடி ஓட்டறது. வெளிய வந்தது 244 சிசி, ரெண்டு ஸ்ட்ரோக், 92 கிலோ அளவுல ஒரு வண்டி. பேரு ஷெர்பா டி.

12 நாள்னு கேட்டா ஹேக்கத்தான் கதை மாதிரி இருக்கும். எனக்கு அப்படித் தோணல. ஏரியலோட அத்தனை வருஷமா சேர்த்த கணக்கு அவர் தலையில இருந்துச்சு. ஃபுட்ரெஸ்ட் எங்க, சாய்வு எவ்வளவு, எடை எந்தப் பக்கம்னு. 12 நாள்ல நடந்தது அதை இன்னொரு வண்டிக்கு மாத்தி எழுதினது மட்டும்தான். தேடல் முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு.

ரெண்டு ஸ்ட்ரோக்கை ஏன் அதுவரைக்கும் நிறைய பேர் நம்பலன்னா, மெதுவா ஓட்டும்போது அது சட்டுனு அணைஞ்சுடும்ங்கற பயம். அதுக்குப் பதில் ஃப்ளைவீல். நம்ம பாட்டி வீட்டு மாவரைக்கிற கல்லு மாதிரின்னு வெச்சுக்கோங்க. கனமான கல்லைச் சுத்தி விட்டா, கையை எடுத்தாலும் கொஞ்சம் தானா சுத்தும். இன்ஜின்ல சுத்துற எடை போதுமான அளவு இருந்தா, ஆக்ஸிலரேட்டரே கொடுக்காம பாறை மேல ஒரு சுத்து தாங்கும். அதனால ட்ரையல்ஸ்காரன் எல்லா இடத்துலயும் எடையைச் சுரண்டுவான், ஃப்ளைவீல்ல மட்டும் கை வைக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிப்பான். எங்க எடை வேணும்னு தெரியறதும் தேர்வுதான்.

1965 ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையலை மில்லர் ஷெர்பாவில் வென்றார். அந்தப் போட்டியை ஒரு வெளிநாட்டு வண்டி ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. 1966-ல பி.எஸ்.ஏ. வண்டியில ஆலன் லாம்கின் திருப்பிக் கொடுத்தார். 1967, 1968 மறுபடி மில்லர். 1969-ல பில் வில்கின்சன், கிரீவ்ஸ் என்ற சின்ன பிரிட்டிஷ் கம்பெனி வண்டியில ஜெயிச்சார். அதுக்கப்புறம் 1970, 71, 72 மூணு வருஷமும் மிக் ஆண்ட்ரூஸ், ஒசா வண்டியில. ஒசாவும் ஸ்பெயின்தான். 1975-ல உலக சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சப்போ முதல் அஞ்சு பட்டமும் புல்டாகோ ஓட்டினவங்களுக்கே போச்சு. ஏரியலைக் கையில வெச்சிருந்த பி.எஸ்.ஏ.வோ 1973-லயே சரிஞ்சுடுச்சு. அதுக்குக் காரணம் ட்ரையல்ஸ் மட்டும் இல்ல, ஜப்பான் வண்டிங்க, நிர்வாகக் குழப்பம்னு நிறைய. ஆனா தன் கொட்டகையிலயே வேலை பார்த்த ஒரு ஆள் எடைக் கணக்கு போட்டுக் காட்டியும், அதுல இருந்து ஒரு புது வண்டி பண்ணத் தோணாத நிர்வாகம் அது. என் கணக்குல இது சின்ன அறிகுறி இல்ல.

இப்போ பராமரிப்பு. ட்ரையல்ஸ் வண்டியோட தினசரி வாழ்க்கை நம்ம வண்டி மாதிரியே இருக்காது. பெட்ரோல் பங்க்ல நாம முன்னாடி 25, பின்னாடி 30-ன்னு காத்து அடிக்கச் சொல்றோம். ட்ரையல்ஸ் பின் டயர்ல 4 அல்லது 5 பி.எஸ்.ஐ.தான். கிட்டத்தட்ட பஞ்சர். டயர் பாறையைக் கட்டிப் பிடிக்கணும்ல, அதுக்காக. ஆனா காத்து இவ்வளவு குறைஞ்சா ரிம் மட்டும் உள்ளுக்குள்ள சுத்தும், டயர் அங்கயே நிக்கும், டியூப்போட வால்வு பிய்ஞ்சு வந்துடும். அதனால டியூப் போட்ட பழைய ட்ரையல்ஸ் வண்டியில டயரை ரிம்மோட அழுத்திப் பிடிக்கற தனி போல்ட்டுங்க இருக்கும். அது தளர்ந்திருக்கான்னு பார்க்காம கிளம்பினா வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் வரணும்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சுல இருக்கும். ஓடையில இறங்கிட்டு வந்தா கழட்டி, கழுவி, காய வெச்சு, எண்ணெய் தடவி மாட்டணும். கிளட்ச் நாள் முழுக்க பாதி பிடிச்ச நிலையிலயே உழைக்கறதால கியர் பெட்டி ஆயிலைச் சீக்கிரம் மாத்தணும். அடிவயித்துல இன்ஜினைக் காக்கற தகடு இருக்கும், அதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல சேறு காஞ்சு கல்லாயிடும். அப்பப்போ கழட்டிப் பார்க்கணும். எனக்குப் பிடிச்சது பிரேக், கிளட்ச் லீவர் சமாச்சாரம். அதை ஹேண்டில்பார்ல முழுசா இறுக்கவே மாட்டாங்க. கையால பலமாத் திருப்பினா திரும்பணும். வண்டி பாறையில விழுந்தா லீவர் உடையாம சுழண்டு கொடுக்கும், தூக்கி நிறுத்தி, திருப்பி வெச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம். மாத்து லீவர் தேட நேரம் இல்லாத விளையாட்டுல, உடையாம இருக்கறதுக்காகவே ஒண்ணைத் தளர்வா வைக்கறாங்க.

புல்டாகோ 1983-ல மூடியாச்சு. மொன்டேசாவோட பெரும்பங்கை 1986-ல ஹோண்டா வாங்கிச்சு. டோனி போ என்ற கட்டலான் வீரர் 2007-ல இருந்து வரிசையா உலகப் பட்டம் ஜெயிச்சுக்கிட்டு இருக்கறது அந்த மொன்டேசாவுலதான். இப்போதைய வண்டிங்க 70 கிலோவை ஒட்டி இருக்கு. சீட்டுன்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது, உக்காரத் தேவையே இல்லயே. ஜி.ஓ.வி. 132, இங்கிலாந்துல நியூ மில்டன் ஊர்ல மில்லரோட மியூசியத்துல நிக்குது.

அந்த 1948 பின் சஸ்பென்ஷன் என்ன ஆச்சு? 1950-களோட தொடக்கத்துல இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட்டை எடுத்துச்சு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாச்சு, திருவொற்றியூர்ல தொழிற்சாலை வந்துச்சு. 1967-ல ரெடிச் ஆலை மூடினப்புறமும் இங்க வண்டி வந்துக்கிட்டே இருந்துச்சு, அதே ரெண்டு ஷாக், அதே ஸ்விங்-ஆர்ம் அமைப்போட. 2019-ல ஜானி பிரிட்டனை நினைவு வெச்சு புல்லட் ட்ரையல்ஸ்னு ஒரு மாடலை ராயல் என்ஃபீல்டு விட்டாங்க. பார்க்க அழகு. ஆனா 180 கிலோவுக்கு மேல. மில்லர் கையில கொடுத்திருந்தா முதல் வேலையா ஸ்பானரைத் தேடியிருப்பார். 2020-ல பி.எஸ்.6 விதி வந்தப்புறம் அது தொடரல.

உங்க வீட்டுல பழைய புல்லட் இருந்தா ஒண்ணு செஞ்சு பாருங்க. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னாடி உக்காந்து, பின்சக்கரத்தை ரெண்டு கையால பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. டக் டக்குன்னு ஆட்டம் தெரிஞ்சா, ஸ்விங்-ஆர்ம் சேர்ற இடத்தைப் பாருங்க. ஆட்டம் அங்கயே இருந்தா புஷ் தேஞ்சிருக்கு. அங்க இல்லன்னா வீல் பேரிங். புஷ்தான்னா தள்ளிப் போடாதீங்க, சின்னச் செலவுதான், புதுப்பேட்டையில விசாரிச்சா கிடைக்கும்.